போன் வேறு, நம்பர் வேறு

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினரிடம் புதுப் போன் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "மாசம் இவ்வளவு, ரெண்டு வருஷம்" என்றுதான் பதில் வரும். அங்கே போனும் இணைப்பும் ஒரே ஒப்பந்தத்தில் வருவது சகஜம். நடுவில் விட்டுப் போக நினைத்தால் மீதித் தவணையை எண்ணி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் ஊரில் போனுக்குக் கடைக்காரர், ரீசார்ஜுக்குக் கம்பெனி. ஒருவருக்கும் மற்றவருக்கும் சம்பந்தமில்லை. ப்ரீபெய்டில் 28 நாள் முடிந்ததும் வேறு கம்பெனிக்குப் போனால் யாரும் அபராதம் கேட்க முடியாது.

கடைக்குப் போனால் இந்தப் பிரிவினை மறந்துவிடுகிறது. புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே, "சிம்மையும் மாத்திடலாமா சார்? இன்னைக்கு ஆஃபர் இருக்கு" என்பார்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, சிம்மையும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், ஓடிபி வரவில்லை, வாட்ஸ்ஆப்பில் பழைய செய்தி ஒன்றுகூட இல்லை, வங்கி ஆப் உள்ளே விடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கும்: போனை ஒரு வாரம் மாற்றுங்கள், நம்பரின் கம்பெனியை வேறொரு வாரம் மாற்றுங்கள், இரண்டும் முடியும்வரை பழைய போனைக் கையைவிட்டு அனுப்பாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

போன் பழசாகிவிட்டது என்பவர்களிடம் என்ன குறை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள்: சார்ஜ் நிற்கவில்லை, இடம் இல்லை என்கிறது, ஹேங் ஆகிறது. இவற்றில் முதல் இரண்டுக்காகப் புதுப் போன் வாங்குவது வீண் செலவு.

பேட்டரி தேய்கிற பொருள். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று ஆப்பிளே சொல்கிறது. தினம் ஒரு முறை முழுச் சார்ஜ் போடுபவருக்கு அது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற போன்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினால், புதுப் போனுக்கு ஆகும் பணத்தில் சிறு பங்கிலேயே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் இன்னும் மலிவாக முடியும். ஒரிஜினல் என்று ஸ்டிக்கர் ஒட்டியவை எல்லாம் ஒரிஜினல் அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாத ஒன்று உண்டு. கவரைக் கழற்றிவிட்டு, போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். பின் அட்டை நடுவில் புடைத்திருக்கிறதா? திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மயிரிழை விலகி, அந்த இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

இடப் பற்றாக்குறைக்குப் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்தான் காரணம். அதன் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்தால், எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒரே கும்பாபிஷேக வீடியோ நான்கு குடும்பக் குழுக்களிலிருந்து நான்கு முறை இறங்கியிருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து அழித்தால் பல ஜிபி மிச்சமாகும்.

சரி செய்யவே முடியாத குறை வேறு. போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்து, புது அப்டேட்டும் வருவதில்லை என்றால், கம்பெனி அந்த போனைக் கைகழுவிவிட்டது என்று பொருள். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். வங்கி ஆப்பும் யூபிஐயும் அதில் இருக்கக் கூடாது. அடுத்த கட்டத்தில் ஆப்களும் விலகிக்கொள்ளும். 2025 தொடக்கத்தில் வாட்ஸ்ஆப் ஆண்ட்ராய்டு 4.4-ஐயும் அதற்கு முந்தையவற்றையும் கைவிட்டது. அதே வருடம் மே மாதம், ஐஓஎஸ் 15.1-க்குப் போக முடியாத ஐபோன் 5எஸ், 6, 6 ப்ளஸ் ஆகியவை நின்றுபோயின. போன் நன்றாக இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

முதலில் டவரைப் பாருங்கள்

போன் கடைக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கம்பெனி என்பது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் உங்கள் சமையலறையில் டவர் இல்லாவிட்டால் அங்கே நின்று பேச முடியாது.

கம்பெனிகளின் இணையதளங்களில் இப்போது எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்று வரைபடம் இருக்கிறது; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கட்டாயப்படுத்திப் போட வைத்தது. அதை ஆரம்பக் கட்டச் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் தெருவைக் காட்டும். கான்கிரீட் வீட்டின் உள் அறையைக் காட்டாது. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அவர் எந்தக் கம்பெனி என்று கேட்டு, படுக்கையறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் நின்று ஒரு போன் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் புலம்பல் எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது. வேலை செய்யும் இடம், தினம் போகும் பஸ் வழி, சொந்த ஊர் ஆகியவற்றுக்கும் இதே சோதனைதான். சென்னையில் பிரமாதமாக இருக்கும் கம்பெனி தேனி பக்கத்துக் கிராமத்தில் மூச்சுவிடாமல் கிடக்கலாம்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் வசதியை இயக்கிப் பாருங்கள். ஏர்டெல் 2019 கடைசியிலும் ஜியோ 2020 தொடக்கத்திலும் கொண்டுவந்த வசதி. தனிக் கட்டணம் இல்லை. டவர் எட்டாத அறையிலும் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பே வரும். டவர் சரியில்லை என்று கம்பெனி மாற நினைப்பவர்களில் பலருக்கு அந்த அவசியமே இல்லாமல் போகும்.

கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தில் ஒன்று முக்கியம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 2016-ல் தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கியது. பாட்டியின் பழைய பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்கள் 2ஜியிலும் ஓடும். பிஎஸ்என்எல் 4ஜி நெடுங்காலம் வராமலே இருந்து, 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்டது. கட்டணம் குறைவு, டவர் ஊருக்கு ஊர் வேறுபடும். இரண்டாவது சிம்மாகப் போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனி மாறும் 'போர்ட்' வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். அதன் அருமையைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் கண்டது. 1999-ல் இங்கேதான் தொடங்கிய ஏர்செல்லின் டவர்கள் வரிசையாக அணைந்தபோது, போர்ட் செய்ய எஸ்எம்எஸ் அனுப்பக்கூட டவர் இல்லாமல் மக்கள் கடை வாசல்களில் நின்றார்கள். இன்றைக்கு ஆதார், வங்கி, கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாமே அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகின்றன. கம்பெனி தள்ளாடுகிறது என்று தெரிந்தால், டவர் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

பிளான் கணக்கு

பிளான் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள். விலையை நாட்களால் வகுத்தால் போதும். 28 நாள் பிளான் போடுபவர் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்கிறார். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் 299 ரூபாய். மனக்கணக்கில் வருடத்துக்கு 3,588 என்று தோன்றும், உண்மையில் 3,887. அதே விலைப் பட்டியலில் தினம் 2.5 ஜிபி தரும் 365 நாள் பிளான் 3,599 ரூபாய்தான். விலைகள் அடிக்கடி மாறும், கணக்கு மாறாது. 84 நாள் பிளானை நாலு முறை போட்டாலும் 336 நாள்தான் ஆகும் என்பதையும் இதே சாக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியில் ட்ராய் போட்ட உத்தரவு. சம்பளத் தேதியை ஒட்டி ரீசார்ஜ் செய்பவர்களுக்கு அது வசதி. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்; கேட்க வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு டேட்டா தேவை என்பதை யாரும் ஊகிக்க வேண்டாம். போனின் அமைப்புகளில் மொபைல் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் போன மாதக் கணக்கே இருக்கிறது. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை உள்ளவர், தினம் 2 ஜிபி பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு அதில் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை. தினசரி அளவு நள்ளிரவில் காலாவதியாகிவிடும். சேர்த்து வைக்க முடியாது. இன்னொரு பக்கம், அளவு தீர்ந்ததும் வேகம் பல பிளான்களில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்ஆப்பில் எழுத்து போகும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரம்பில்லாத 5ஜி வேண்டுமென்றால், ஜியோவில் தினம் 2 ஜிபி பிளானும் அதற்கு மேலும்தான். ஓடிடி இலவசம் என்று சேர்த்துத் தருவதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அதன் மதிப்பு உங்களுக்குப் பூஜ்யம்.

வெறும் பேச்சுக்கு மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பிளான் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி செய்தது. 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. கம்பெனி ஆப்பின் முகப்பில் அதைத் தேடாதீர்கள், பட்டியலின் அடியில்தான் கிடைக்கும். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போட்டுவிட்டால், "ரீசார்ஜ் முடிஞ்சு போச்சுடா, போன் போக மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவர் கூப்பிட வேண்டியிருக்காது.

எடுத்து வைத்திருக்கும் இரண்டாவது சிம்முக்கும் உயிர் வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்ட் நம்பரைக் கம்பெனி துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. துண்டித்த நம்பர் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் பழைய வங்கிக் கணக்கின் ஓடிபியும் அவருக்கே போகும்.

போஸ்ட்பெய்ட் யாருக்கு? ஆபீஸ் பில் கட்டுகிறது, வெளிநாடு அடிக்கடி போகிறோம், நாலு பேர் குடும்பத்துக்கு ஒரே பில் போதும் என்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ப்ரீபெய்ட் விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. போஸ்ட்பெய்டில் 18 சதவீதம் பில்லில் தனியாக ஏறும்: விளம்பரத்தில் 449, கட்டுவது 529 ரூபாய் 82 காசு. பாக்கி வைத்துவிட்டுப் போர்ட் செய்யவும் முடியாது.

பில்லில் தகராறு என்றால் முதலில் கம்பெனியின் புகார் எண்ணில் பதிவு செய்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். தீர்வு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிச் சேவைப் புகாரையும் அங்கே கொண்டுபோகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது.

இனி போன்

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதல்ல: இந்த மாடல் எப்போது வெளிவந்தது, எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும்? கூகுள் பிக்சல் 8-இல் தொடங்கியும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-இல் தொடங்கியும் ஏழு வருடம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த கேலக்ஸி ஏ16-க்கே ஆறு வருடம். அந்த வருடங்கள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகின்றன. நாலு வருட வாக்குறுதியோடு வந்து மூன்று வருடம் ஆன மாடலைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால், கையில் மீதி ஒரு வருடம்தான். போன் விலையை மீதி இருக்கும் அப்டேட் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். சில சமயம் 12,000 ரூபாய் போனைவிட 20,000 ரூபாய் போன் மலிவாக இருக்கும்.

சேமிப்பிடம் 128 ஜிபிக்குக் கீழே வேண்டாம். "8 ப்ளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ராம் சார்" என்று சொன்னால், அதில் பின்னால் வரும் 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அசல் ராமின் வேகம் அதற்கு வராது. மிக மலிவான போன்களில் சேமிப்பிடம் பழைய இஎம்எம்சி வகையாக இருக்கும். யூஎஃப்எஸ் என்று போட்டிருப்பதை எடுத்தால் இரண்டாம் வருடத்தில் நன்றி சொல்வீர்கள். 5ஜி போன் என்றால் விவரப் பட்டியலில் என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவர் தாண்டி வீட்டுக்குள் எட்டுவது ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்28. ஊரில் உங்கள் பிராண்டின் சர்வீஸ் சென்டர் எங்கே, டிஸ்பிளே உடைந்தால் மாற்ற எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊருக்கு 60 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டிய பிராண்ட் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை.

அம்மா அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால், முன்பு வைத்திருந்த அதே பிராண்டை எடுங்கள். கைப்பழக்கம் பெரிய விஷயம். கடையிலேயே எழுத்தைப் பெரிதாக்கி, ஸ்பீக்கரில் ஒரு போன் பேச வைத்து, தமிழ் கீபோர்டில் நாலு வார்த்தை அடிக்கச் சொல்லுங்கள். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் அவர்களுக்கு வேண்டாம். சாதாரண சிம் என்றால், போன் கீழே விழுந்து செத்துப்போனாலும் கழற்றி இன்னொரு போனில் போட்டுப் பேசிவிடலாம். இசிம் என்றால் அதற்கும் ஒரு நடைமுறை, அதற்கும் ஒரு காத்திருப்பு. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஐபோனிலும் இந்தச் சிக்கல் உண்டு: 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்தால் ஒரே கேள்வி போதும்: "இப்பவே முழுப் பணம் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" குறைப்பார்கள் என்றால் அந்தத் தொகைதான் வட்டி. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பிராசஸிங் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதில் தவறில்லை. திருட்டுப் போன் வாங்குவதில்தான் வினை. அந்தப் போனிலேயே *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி என்று பதில் வந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம்.

மாற்றும் வாரம்

முதல் வாரம் போன் மட்டும். பழைய போனில் குறைந்தது பத்து நாளுக்கு ரீசார்ஜ் இருக்கட்டும். பழைய போனின் ஆப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் முக்கியமான ஆப்களின் பெயரை எழுதுங்கள்: வங்கி, யூபிஐ, டிஜிலாக்கர், எல்ஐசி, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி. புதுப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போன பிறகுதான் டிக் அடிக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ, ஐபோனிலிருந்து ஐபோனுக்கோ என்றால், சாட்டுகளை மாற்றும் வசதியில் கியூஆர் கோடைக் காட்டி நேரடியாகவே அனுப்பலாம். கூகுள் டிரைவில் பேக்அப் எடுப்பவர்கள், அந்த இலவச 15 ஜிபிக்குள் இப்போது வாட்ஸ்ஆப் பேக்அப்பும் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். இடம் நிறைந்திருந்தால் பேக்அப் பல மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருக்கும். கடைசி பேக்அப்பின் தேதியைப் பார்க்காமல் புதுப் போனில் நம்பரைப் பதிவு செய்யாதீர்கள்.

பிறகு பழைய போனிலிருந்து அதே சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போடுங்கள். புது சிம் வாங்க வேண்டியதில்லை. 5ஜிக்காக சிம் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னாலும், உங்கள் 4ஜி சிம்மே பெரும்பாலும் போதும். சிம்மை மாற்றினால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடக்கப்படும். அந்த ஒரு நாள் ஓடிபி வராது. அன்றைக்கு மருத்துவமனைக்கோ காலேஜுக்கோ பணம் கட்ட வேண்டியிருந்தால் திண்டாட்டம்தான். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட்டும் செய்ய முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதி. யூபிஐயும் புதுப் போனைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும்: முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. எனவே மாதத் தொடக்கத்து வாடகை, இஎம்ஐ நாட்களை ஒட்டிப் போன் மாற்றாதீர்கள்.

கூகுள் கணக்கில் நுழைய முயலும்போது, "அது நீங்கள்தானா?" என்ற கேள்வி பழைய போனின் திரையில்தான் வரும். அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டிருந்தால் பதில் சொல்ல ஆளில்லை.

எல்லா டிக்கும் விழுந்த பிறகு, அடுத்த வாரம் கம்பெனி மாற்றம். இருக்கும் கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்ற சொல், இடைவெளி, உங்கள் நம்பர் என்று அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், எட்டு எழுத்துள்ள யூபிசி குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நாலு நாள் செல்லும். ரீசார்ஜ் தீர்ந்துபோன நம்பரிலிருந்தும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் சொல்லியிருக்கிறது. குறியீட்டோடும் ஆதாரோடும் புதுக் கம்பெனியிடம் போனால், தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாளில் நம்பர் மாறும். வேறு மாநில நம்பர் என்றால் ஐந்து. பழைய கம்பெனியில் மிச்சமுள்ள பேலன்ஸும் நாட்களும் கூட வராது, ஆகவே பிளான் முடியும் தறுவாயில் கிளம்புவது லாபம். எஸ்எம்எஸ் போனதுமே பழைய கம்பெனியிலிருந்து கெஞ்சலாக ஒரு போன் வரலாம். அவர்கள் அப்போது தரும் சலுகை, இத்தனை நாள் நீங்கள் கேட்காததால் கிடைக்காமல் இருந்தது.

யூபிசியையும் ஓடிபியையும் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். "உங்க சிம்மை 5ஜிக்கு அப்கிரேட் பண்றோம், மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று இனிமையாகப் பேசுவார்கள். சொன்னால் உங்கள் நம்பர் அவர்கள் கையிலிருக்கும் இசிம்முக்குப் போய்விடும். திடீரென்று டவர் முழுதாகப் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி போனில் டவர் இருந்தால், இன்னொரு போனிலிருந்து உடனே வங்கியையும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணையும் அழையுங்கள்.

பழைய போன்

ஒரு மாதம் அலமாரியில் இருக்கட்டும். அதன்பின் விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் அமைப்புகளுக்குள் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள். அதற்குப் பிறகே ஃபேக்டரி ரீசெட். வரிசை மாறினால் வாங்கியவருக்கு உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. மெமரி கார்டைக் கழற்ற மறக்காதீர்கள். எதற்கும் உதவாத போனைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்; குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த கம்பெனிகளுடையது. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

சிம்கள் கைமாறும் இந்த நேரத்திலேயே சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் பட்டியலில் இருந்தால் 'என்னுடையதல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். வீட்டில் எல்லா சிம்மும் அப்பா பெயரிலேயே இருந்தால், அவரவர் நம்பரை அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய வேளையும் இதுதான்.

புதுப் போனின் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பில்லையும் ஐஎம்இஐ எண்ணையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவரின் போனுக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் சஞ்சார் சாத்தி வழியாக அதை முடக்க ஐஎம்இஐயும் போலீஸ் புகாரின் நகலும் கேட்பார்கள், ஓடிபிக்காக அதே நம்பரில் மாற்று சிம்மும் வேண்டும். தொலைந்த போனில் *#06# அடித்துப் பார்க்க முடியாது.